பாட்டியின் இசைத்தட்டுகள்

சென்ற கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள்! பெரும்பாலானவை தாத்தா வாங்கிய எல்.பி. தட்டுகள். அடியில் மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றிய, கனமான தட்டு ஒன்று இருந்தது. பாட்டியின் அப்பா வாங்கியதாம். தியாகராஜ பாகவதர் பாடியது.

முதலில் 1976-இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’யின் தட்டைப் போட்டோம். பாட்டைவிடக் கடலை பொரிவது போன்ற சத்தமே அதிகம் கேட்டது. தட்டிலுள்ள பள்ளம் தலைமுடி அளவே அகலம் உடையது. அதில் தூசி இருந்தால் ஊசி இடறும். ஒவ்வோர் இடறலும் ஒரு ‘டிக்’. துடைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

குழாய் நீர் ஆகாது. காய்ந்தபின் உப்புப் படியும். பாடப்புத்தகத்தில் வாலை வடிநீர் என்று படித்தோமே, அதைச் சித்தப்பா வாங்கி வந்தார். இரண்டு சொட்டு சோப்புத் திரவமும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கலந்தேன். நடுவிலுள்ள காகிதம் நனையாமல், மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் போக்கிலேயே துடைத்தேன். பிறகு வெறும் வடிநீரால் ஒருமுறை துடைத்து, பாத்திரக் கூடையில் நிறுத்தி உலர வைத்தேன். அன்னக்கிளி தெளிவாகப் பாடியது. வீடே என்னைப் புகழ்ந்தது.

புகழ் தலைக்கேறியது. யாரையும் கேளாமல் பாகவதர் தட்டையும் அதே கலவையால் துடைத்தேன். துணி கறுத்தது. அழுக்குதான் என்று மகிழ்ந்து, இன்னும் அழுத்தினேன். உலர்ந்தபின் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்பே இல்லை!

“எல்.பி. தட்டு வினைல். இந்த 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்பொடியும் சேர்த்துச் செய்தது. ஆசாரி மேசைக்குப் பூசும் பாலிஷே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதானே? நீ அழுக்கைத் துடைக்கவில்லை, பாட்டையே துடைத்திருக்கிறாய்” என்றார் சித்தப்பா.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதுகொண்டே பாட்டியிடம் சொன்னேன். பாட்டி தட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு, “போடு, கேட்போம்” என்றார்.

சித்தப்பா ஊசியை மாற்றி, வேகத்தை 78-க்குத் திருப்பினார். பாகவதர் பாடினார். பாதிப் பாட்டில், சுற்றுக்கு ஒருமுறை ‘சர்’ என்று இரைந்தது. நான் தலை குனிந்தேன். பாட்டி அந்த வரிகளைத் தாமே உரக்கப் பாடினார். அவருக்குக் குரல் நடுங்கும். ஆனாலும் இரைச்சல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

முடிந்ததும், “மறுபக்கம் திருப்பு” என்றார். நல்லவேளை, அந்தப் பக்கத்தை நான் துடைத்திருக்கவில்லை.