கையிருப்பு என்பது மறுக்கும் உரிமை

"உங்க ஜனங்களுக்குக் காசை வெச்சுக்கத் தெரியாது. இன்னைக்கு வந்தா இன்னைக்கே செலவு." இந்த வசனத்தை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கடன் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்ன அதிகாரி உண்டு. பள்ளிக்கூடத்தில் அறிவுரையாகச் சொன்ன வாத்தியார் உண்டு. படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் வீடு கட்டிவிட்ட நம்மவர்களே விடுமுறைக்கு ஊருக்கு வந்து சொல்வதும் உண்டு.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வருடத்தில் பாதி நாள் மட்டுமே வேலை, இரண்டு பேர் கூலி, ஏழு பேர் வயிறு. இந்தக் குடும்பத்தைக் கணக்குத் தெரியாமல் ஒரு மாதம் நடத்திக் காட்ட முடியுமா? எங்கள் பெண்கள் அதை வாழ்நாள் முழுக்க நடத்தினார்கள்.

முதலில் ஒரு வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் தலித்துகளிடம் சிக்கனம் பேசுவது யோக்கியமல்ல.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. இருக்கும் நிலத்தை மிராசுதாருக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஹட்டன் எழுதிய 'காஸ்ட் இன் இந்தியா' நூலில் இது பதிவாகியிருக்கிறது. 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில் நம் ஆட்கள் விருந்தில் நெய் பரிமாறியதற்காகத் தடிகளோடு வந்து அடித்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார்.

பித்தளைக் குடம் வாங்கினால் அடி, நெய் ஊற்றினால் அடி, நிலம் வைத்திருந்தால் பிடுங்கல். செலவு செய்யவும் உரிமை இல்லை, சேர்த்து வைக்கவும் உரிமை இல்லை. ஒருவர் தானாக விரும்பி எளிமையாக வாழ்ந்தால் அது குணம். தடி காட்டி எளிமையாக இருக்கவைத்தால் அது தண்டனை. இந்த இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்லக்கூடாது.

அப்படியானால் சிக்கனத்தைப் பற்றி நமக்குக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது என் வீட்டில்தான்.

எங்கள் ஆயா படியாள் குடும்பத்துப் பெண். கூலி நெல்லாகத்தான் வரும். உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அடுக்குப் பானையில் அடிப்பானையில் போட்டுவிடுவார். பிடியரிசி. ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயல் வேலை நிற்கும்போதுதான் அந்தப் பானையில் கை வைப்பார். மாட்டிறைச்சி வாங்கினால் ஒரு பங்கை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவார். மழைக்காலத்தில் நொய்க்கஞ்சிக்கு அதில் ஒரு துண்டு சுட்டால் போதும். குறைந்த விலை, கெடாத உணவு, உடம்புக்குச் சத்து. அப்பளம், வடகம், ஊறுகாய் போட்டால் குடும்பப் பெண்ணின் சாமர்த்தியம். உப்புக்கண்டம் போட்டால் மட்டும் நாற்றம். சிக்கனத்திலும் சாதி பார்க்கிற நாடு இது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். ராத்திரி சோறு ஆனதும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். வந்தது, போனது, தர வேண்டியது என்று மூன்று பத்தி. தர வேண்டியதைத்தான் முதலில் எழுதச் சொல்வார். "கடனை மொதல்ல எழுதுடா. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் மிஞ்சறதுதான்." பிற்காலத்தில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த நோட்டில் எனக்கு வெகுநாள் புரியாத ஒரு விஷயம் இருந்தது. ஆண்டை வீட்டில் வட்டியில்லாமல் முன்பணம் கொடுப்பார்கள். அம்மா அதை வாங்க மாட்டார். காலனியிலேயே ஒரு அத்தையிடம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்குவார். ஒருநாள் கேட்டேன்: "அங்க சும்மா குடுக்கறாங்களே, இங்க ஏம்மா வட்டி கட்டற?" அம்மா சொன்னார்: "அத்தைக்கு வட்டி குடுத்தா போதும். அங்க வாங்கினா ஆளக் குடுக்கணும்."

வட்டியில்லாக் கடன்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்த கடன். முன்பணம் வாங்கியவர் அவர்கள் கூப்பிட்ட நாளில் போக வேண்டும், அவர்கள் சொன்ன கூலிக்கு நிற்க வேண்டும். வேறு இடத்தில் இரண்டு மடங்கு கூலி கிடைத்தாலும் போக முடியாது. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடுவதைக் கொத்தடிமை முறை என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணம் என்ற பெயரில் அது இன்னும் நடக்கிறது.

இரண்டாவதாகக் கற்றது, சில்லறையாக வாங்குவதால் வரும் நட்டம். தினமும் பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குபவர், மாதத்துக்கு மொத்தமாக வாங்குபவரைவிட அதிக விலை கொடுக்கிறார். ஏழைக்குத்தான் எல்லாமே விலை அதிகம். அம்மாவும் சித்தியும் இன்னும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து டவுனிலிருந்து பதினைந்து லிட்டர் டின் வாங்கி, ஆழாக்கில் அளந்து பிரித்துக்கொள்வார்கள். மூன்றாவது சீட்டு. இருபது பெண்கள், மாதம் நூறு ரூபாய், குலுக்கலில் பெயர் வந்தவருக்கு இரண்டாயிரம். கூரை வீட்டில் பணத்தை எங்கே வைப்பது? மழை நனைக்கும், நெருப்பு தின்னும், சில வீடுகளில் சாராயக் கடை தின்னும். ஆகவே ஒருவர் பணத்தை இருபது பேர் காவல் காத்தார்கள்.

இந்தச் சேமிப்பு எதற்கு என்பது தொண்ணூறுகளின் இறுதியில் தெரிந்தது. ஊர்த் தெருவின் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எங்கள் காலனி முடிவெடுத்தது. மறுநாளே கட்டுப்பாடு போட்டார்கள். வயலில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, வரப்பில் நடக்கக்கூடாது, ஆடு மாடு மேயக்கூடாது. இருபத்தேழு நாள். அந்த மாதம் பெண்கள் சீட்டைக் குலுக்கவில்லை. இரண்டாயிரத்தையும் எடுத்து டவுனில் அரிசி மூட்டை வாங்கி வந்தார்கள். அது தீர்ந்தபோது வீட்டுக்கு வீடு பிடியரிசிப் பானைகள் வெளியே வந்தன.

முதலில் வேலைக்குத் திரும்பியவர்கள் யார் தெரியுமா? முன்பணம் வாங்கியிருந்த ஆறேழு குடும்பங்கள். பையன்கள் அவர்களைத் துரோகி என்று கத்தினோம். அம்மா எங்களைத் திட்டினார். "அவங்க பயந்து போகலடா. வாங்கின காசு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவுது." கடைசியில் அதிகாரிகள் வந்து பேசிக் கட்டுப்பாடு நீங்கியது. பறை மறுபடி அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

பல வருடம் கழித்து, 1928இல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவைப் பற்றிப் படித்தேன். அம்பேத்கரும் அதில் உறுப்பினர். தீண்டப்படாத மக்கள் உரிமை கேட்கும்போதெல்லாம் நிலத்தைவிட்டு விரட்டுவது, வேலையை நிறுத்துவது, கடைக்காரர் சாமான் தர மறுப்பது என்று பொருளாதாரத்தை ஆயுதமாக்குகிறார்கள் என அந்தக் குழு சொன்னது. எங்கள் காலனியில் நடந்ததை எழுபது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்தது போல இருந்தது. இன்று சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். 2015 திருத்தம் அதைச் சேர்த்தது. ஆனால் வழக்கு முடிய வருடங்கள் ஆகும். உலை அன்றைக்கே கொதித்தாக வேண்டும்.

இப்போது நம் கையைப் பிடித்து இழுப்பவை வேறு பெயரில் வருகின்றன. தண்டலைப் பாருங்கள். பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறு தருகிறார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறோம். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாக நம் கையில் நிற்பது பாதித் தொகைதான், அதுவும் நூறு நாளுக்கு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டும்.

குழுக் கடன் வாங்கும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது. எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் வசூலுக்கு நச்சரிக்கக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவமானப்படுத்துபவரிடம் இதைச் சொல்லுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எங்கள் படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்காருகிறோம். ஒவ்வொருவரும் முதலில் கடனை எழுத வேண்டும்: யாரிடம், எவ்வளவு, உண்மையான வட்டி என்ன. அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்கிறோம். பிறகு கையிருப்பு. ரேஷன் அரிசி போக, ஒரு மாதம் வேலையே இல்லாமல் இருக்க ஒரு வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வேண்டும் என்றால், தினம் இருபது ரூபாய் வீதம் முந்நூறு நாளில் சேரும். பத்து மாதம். முடியாத காரியமல்ல.

எதைக் குறைப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வரும். காதுகுத்துக்குப் பத்து அடி ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று பையன்களிடம் சொல்வேன். வட்டிக்கு வாங்கி மொய் செய்ய வேண்டாம் என்பேன். ஆனால் நல்ல சட்டையை, நல்ல செருப்பை, பிள்ளையின் புத்தகத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். 1927இல் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் மற்றவர்களைப் போல் புடவை கட்டுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்று சொன்னார். நமக்குத் தடுக்கப்பட்டிருந்ததை அணிவது ஊதாரித்தனம் அல்ல. அது உரிமைக்கான செலவு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சேமித்தால் சாதி ஒழியாது. பஞ்சமி நிலம் பிடியரிசியால் திரும்பாது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று நாற்பத்துநான்கு பேர் எரிக்கப்பட்டது, கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின்போது. சிக்கனம் கூலிக்கும் நிலத்துக்கும் மாற்று அல்ல. கூலியையும் நிலத்தையும் கேட்கிற காலத்தில் வீட்டில் உலை கொதிக்க வேண்டும், அதற்கான ஏற்பாடு அது.

இந்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் வரவை எழுத வேண்டாம். நாளைக்கு ஒரு அநியாயத்துக்கு 'முடியாது' என்று சொன்னால் யார் யார் வந்து கடனைக் கேட்பார்கள் என்று எழுதுங்கள். முதலில் அடைக்க வேண்டிய கடன்கள் அவைதான்.

ஜெய்பீம்.