டர்போ போச்சா?

பழைய டர்போ டீசல் காரில் இழுவை குறைந்து, கூடவே இன்ஜினும் கடகடவென்று சத்தம் போட்டால், பட்டறையில் முதலில் விழும் தீர்ப்பு "டர்போ போச்சு" என்பதுதான். திருமுல்லைவாயிலில், தந்தையிடமிருந்து மகளுக்கு வந்த பத்து வயதுக்கு மேலான கார் ஒன்றுக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. மகளுக்கு அது ஒப்பவில்லை. காரணம் ஒரு மங்கலான நினைவு: அப்பா காலையில் வண்டியைக் கிளப்பும்போது இதே கடகடப்பு கேட்டதுண்டு, அப்போது வண்டி நன்றாகவே இழுத்தது.

டர்போவின் வேலை எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகைவாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. காற்றை அமுக்க வேறு வழியும் உண்டு. ஆவடி இன்ஜின் தொழிற்சாலை இரண்டு வகையையும் செய்கிறது: டி-72 டாங்கிக்கான 780 குதிரைத்திறன் வி-46 இன்ஜினில் கிராங்க் தண்டே பற்சக்கரங்கள் வழியாக அமுக்கியைச் சுழற்றுகிறது; டி-90க்கான 1000 குதிரைத்திறன் வி-92எஸ்2 இன்ஜினில் அந்த வேலை புகைவாயுவுடையது. சிறிய கார்களின் டர்போ தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரை போகக்கூடியது.

சாலையோரப் பட்டறையின் மூத்த மெக்கானிக் தன் தீர்ப்புக்கு இரண்டு சாட்சிகள் வைத்திருந்தார். முதலாவது, தண்டின் ஆட்டம். காற்றுக்குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் அசைத்துக் காட்டினார். "ஆட்டிப் பாருங்கம்மா, ஆடுதா இல்லையா?" ஆடத்தான் செய்தது. ஆனால் இந்தத் தண்டை ஓட்டத்தில் தாங்குவது ஆயில் படலம். இன்ஜின் நின்று ஆயில் அழுத்தம் இறங்கியதும், நல்ல டர்போவின் தண்டும் பக்கவாட்டில் சிறிது ஆடும். அந்த இடைவெளி வடிவமைப்பிலேயே உள்ளது. பார்க்க வேண்டியவை வேறு: முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரிகிறதா, இறக்கைகளின் விளிம்பு கூட்டில் உரசிய தடம் இருக்கிறதா. இரண்டும் இங்கே இல்லை.

இரண்டாவது சாட்சி, குழாய்க்குள் படிந்திருந்த ஆயில் ஈரம். டர்போவின் சீல் போனால் ஆயில் கசிவது உண்மை. ஆனால் இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவி, பிரீதர் குழாய் வழியாக இதே காற்றுப்பாதையில்தான் கலக்கிறது. பழைய டீசல் கார்களில் லேசான ஈரம் இயல்பு. குழாயில் ஆயில் தேங்கி நின்றால்தான் கவலை. மெக்கானிக் இதை ஏற்கவில்லை. மூன்று முறை போனபோதும் மூன்று முறை சக்கரத்தை ஆட்டிக் காட்டினார்.

சத்தத்தின் தன்மையும் அவர் பக்கம் இல்லை. தேய்ந்த டர்போ பெரும்பாலும் சங்கு ஊதுவதுபோல ஊளையிடும், கடகடக்காது. மிகுதிப் புகைவாயுவைச் சக்கரத்தைத் தொடாமல் திருப்பிவிடும் அதன் வேஸ்ட்கேட் மூடி தளர்ந்தால் மட்டும், ஆக்ஸிலரேட்டரை விடும்போது மெல்லிய தகரச் சத்தம் வரும். இந்தக் காரிலோ காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று விநாடி கடகடப்பு, பிறகு அமைதி. இது டைமிங் செயினை நோக்கி விரல் நீட்டும் அடையாளம்.

செயின் பக்கம் திரும்பியதும் தேடல் சூடுபிடித்தது. இரண்டு நோய்க்கும் ஒரே மூலம் கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது. இந்தியாவில் பல நிறுவனங்களின் கார்களில் ஓடிய 1248 சிசி மல்டிஜெட் உட்படப் பல டீசல் இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றுவது செயின்தான். செயின் "நீண்டுவிட்டது" என்பார்கள். இரும்பு ரப்பர்போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின் தேய்கிறது. சைக்கிளும் சங்கிலியும் செய்து பழகிய அம்பத்தூரில் இதை விளக்கவே தேவையில்லை. 100 மூட்டுகளில் தலைக்கு 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 5 மில்லிமீட்டர். அப்போது கேம் பின்தங்கும், வால்வுகள் நேரம் தவறும், இழுவையும் குறையும்.

இந்த அழகான விளக்கத்தை ஸ்கேனர் ஒப்புக்கொள்ளவில்லை. கேமும் கிராங்கும் ஒத்துப்போகாதபோது வரும் பி0016 குறியீடு இல்லை. இருந்தது பி0299, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை. வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரிப் பக்கம், மூன்றாம் கியரில் முழு ரேஸ் கொடுத்து அளந்தபோது, கணினி கேட்ட அழுத்தம் ஏறத்தாழ 2.1 பார், கிடைத்தது 1.4. இன்ஜின் ஓடாதபோதே கடல்மட்டத்துச் சென்னையில் சென்சார் 1 பார் காட்டும் என்பதால், டர்போ கூட்டித் தர வேண்டியதில் பாதிக்கும் குறைவே வந்து சேர்ந்தது. கூடவே கரும்புகை: உள்ளே வந்ததாக அளவிடப்பட்ட காற்றில் ஒரு பகுதி, சிலிண்டரை அடையும் முன்பே எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது.

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல, காற்றுப்பாதையை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்பு நீர் தடவியதும் விடை நுரைத்தது. டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளக் கீறல். ஆயில் ஈரத்தில் ஊறி நொய்ந்த ரப்பர். அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும், கையால் தடவினால் மூடிக்கொள்ளும். ஹோஸும் கிளிப்பும் மாற்றியதும் இழுவை திரும்பியது, புகை நின்றது.

காலைக் கடகடப்பு அப்படியே இருந்தது. மகளின் நினைவு சரிதான்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் கம்பியில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. இரவில் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வுள்ள ஃபில்டரும், குறிப்பிட்ட தர ஆயிலும் மாற்றியபின் மூன்று விநாடிச் சத்தம் ஒரு விநாடிக்குள் அடங்கியது. சூடான இன்ஜினிலும் அது தொடர்ந்திருந்தால் செயின், டென்ஷனர், கைடு, பற்சக்கரம் அனைத்தையும் செட்டாக மாற்ற வேண்டியிருக்கும். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம்.

இத்தகைய கார்களில் சோதனை மலிவானதிலிருந்து தொடங்குவதே முறை. சத்தத்துக்கு: ஆயில் அளவு, தளர்ந்த வெப்பத் தடுப்புத் தகடு, கிளட்ச் மிதித்தால் மாறும் ஃப்ளைவீல் ஒலி, பிறகு செயின். இழுவைக்கு: காற்று ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ்கள், வேஸ்ட்கேட்டின் சிறு குழாய், புகைவாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும், கரி அடைத்த இஜிஆர் வால்வு. டர்போவைக் கழற்றுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.