வாடைக் காலத்துக் கடல்

"கூட்டமில்லாத கடல் எங்கேனும் உண்டா?" என்று நம் துணைவியார் கேட்டபோது, நாம் அரையாண்டுத் தேர்வுக்கான அரபு வினாத்தாளை எழுதிக்கொண்டிருந்தோம். கேள்வியின் கனம் அப்போது நமக்கு விளங்கவில்லை. "கடலில் ஏது கூட்டம்? கூட்டமெல்லாம் கரையில்தான்" என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தோம். அவர் போகவில்லை, வாயிற்படியிலேயே நின்றார். முப்பது ஆண்டு இல்லறத்தில் நகையோ புடைவையோ கேட்டு அவர் அப்படி நின்றதில்லை. ஆகவே பேனாவை மூடி வைத்தோம்.

நாம் வைகைக் கரையைச் சேர்ந்தவர்கள். வைகையே கடலைக் காண்பது அரிது. பல ஆண்டுகளில் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயோடு அதன் பயணம் முடிந்துவிடும். அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களைப் பற்றிக் கேட்பானேன்! எனினும் துணைவியார் இருமுறை கடலைப் பார்த்தவர்தாம். ஒருமுறை சென்னை மெரினாவில், மறுமுறை நாகூரில். பிள்ளைகள் மூவரும் சிறியவர்களாயிருந்த காலம். நாம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு அலையில் இறங்கினோம். அவர் மணலில் அமர்ந்து நம் நால்வரின் செருப்புகளுக்கும் காவலிருந்தார். "நீங்களும் வரலாமே" என்று ஒரு சொல் அழைத்ததும் உண்டு. சுற்றிலும் அத்தனை ஆடவர்; இறங்கினால் நனைந்த புடைவையோடு அவர்கள் நடுவே எழுந்து வர வேண்டும். "வேண்டாம்" என்றார். அந்த "வேண்டாம்" என்பதை அவருடைய விருப்பம் என்றே இத்தனை காலமும் நாம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது பெண்மக்கள் இருவரும் தத்தம் வீடு சேர்ந்துவிட்டனர். முழங்கால் வலிக்கு மருந்து தந்த மருத்துவர், மாடிப்படி ஆகாது, நெடுநடை ஆகாது என்று பட்டியலே கொடுத்திருக்கிறார். "இன்னும் நாலு வருஷம் போனால் மணலில் என்னால் நடக்க முடியாதுங்க" என்றார் துணைவியார். அவ்வளவுதான் சொன்னார்.

விடுமுறைக்கு இடம் தேடும் பணி அன்றே தொடங்கிற்று. மகன் தன் கைப்பேசியில் ஊர் ஊராகப் படம் காட்டினான். 'அமைதியான கடற்கரை' என்று பெயரிட்ட படங்களில் ஆளரவம் இல்லைதான். ஆனால், படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றனர் என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை. அன்றியும், இக்கரை அமைதியானது என்று ஊரறியப் பறைசாற்றிய பின்னர் அங்கே அமைதிக்கு என்ன வேலை? கைப்பேசி இல்லாத காலத்தில் மெரினாவில் பிறர் கண்ணுக்கு மட்டுமே அஞ்சினோம். இன்று ஒருவர் விளையாட்டாக எடுக்கும் படத்தின் மூலையில் நம் வீட்டுப் பெண்கள் நனைந்து நிற்பதை நாடே காணக்கூடும்.

கன்னியாகுமரியைத் தொடக்கத்திலேயே விலக்கினோம். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை சென்று திரும்புவோர் நிறையும் ஊர் அது. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ், புதுச்சேரிக்குப் புத்தாண்டு. தரங்கம்பாடி நமக்குப் பிடித்திருந்தது. 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், அதன் முன்னே விரிந்த கடலும், அகன்ற பழைய தெருக்களும் கொண்ட சிற்றூர். ஆயினும் நம் விடுமுறைக்குள் டிசம்பர் 26 வருகிறது. 2004ஆம் ஆண்டு அந்நாளின் காலைப் பொழுதில் ஆழிப்பேரலை நாகைக் கரையெங்கும் செய்ததை நாம் அறிவோம். இறந்த பிள்ளைகளை நினைத்து மக்கள் அலையோரம் கூடி அழும் நாளில், சிற்றுலா வந்தோம் என்று அதே கரையில் போய் நிற்க மனம் ஒப்பவில்லை.

உண்மையைச் சொன்னால், நமக்கு உள்ளூர வேறோர் ஆசை இருந்தது: தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் புயல் அவ்வூரை விழுங்கிய கதையை, பயணிகளோடு கடல் கொண்டுபோன அந்த இரயிலின் கதையை, நம் அத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தோம். இடிந்த சுவர்களையும் இருபுறக் கடலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்த பின் விடுமுறை நாட்களில் அங்கே வண்டிகள் வரிசை கட்டுகின்றன என்று மகன் எச்சரித்தான். நாம் கேட்பதாயில்லை. துணைவியார்தாம் முடிவு கட்டினார். "ஊர் அழிந்த மாதத்தில் அழிந்த ஊரைப் பார்க்கவா போகிறோம்? எனக்குக் காலை நனைத்தால் போதுங்க." யாருக்காக இடம் தேடத் தொடங்கினோம் என்பதையே மறந்திருந்தோம். வெட்கமாயிருந்தது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பெரியபட்டினத்துப் பக்கம் குடியிருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, உச்சிப்புளிக்கு அருகே சவுக்குத் தோப்போடு கூடிய அரியமான் கடற்கரை எப்படி என்று வினவினோம். அவர் சிரித்தார். "ஹஜ்ரத், இது வாடைக் காலம். இப்ப வடகடல் கலங்கிக் கிடக்கும். தென்கடல் பக்கம் வாங்க."

அவர் விளக்கியது இது. இராமநாதபுரச் சீமை கடலுக்குள் நீட்டிய கை போன்றது. கைக்கு வடக்கே பாக்கு நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று வடகரையில் நேரே மோதும். தென்கரைக்கு நிலமே மதிலாக நின்று காற்றைத் தடுக்கும். வைகாசிக்குமேல் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து புறப்பட்டால் நிலைமை தலைகீழாகும். அப்போது வடகடல் குளம் போல் கிடக்கும், தென்கடல் சீறும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நீலம்! நெய்தல் திணைக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று உரையாசிரியர்கள் எழுதியதைப் பல்லாண்டு பாடம் சொன்னவர் நாம். மார்கழியில் வடகரையில் ஒரு நாள் நின்றிருந்தால் அப்படி எழுதியிருப்பார்களோ என்னவோ!

பெரியபட்டினம் என்றதும் நமக்கு இப்னு பதூதாவின் ரிஹ்லா நினைவுக்கு வந்தது. அரபிகள் இக்கரையை மஃபர், அதாவது கடக்கும் இடம், என்று அழைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த அப்பயணி, ஃபத்தன் என்னும் துறைமுகத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பெருந்தூண்கள் மேல் எழுப்பிய மர மண்டபம் ஒன்று துறையில் நின்றதாம்; கல்லால் ஆன அழகிய பள்ளிவாசல் இருந்ததாம்; திராட்சையும் மாதுளையும் மலிந்திருந்தனவாம். அந்த ஃபத்தன் பெரியபட்டினமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சீனத்துப் பீங்கான் ஓடுகள் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. உலகத்துக் கப்பலெல்லாம் ஒதுங்கிய துறையில், கூட்டமில்லாத இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு இன்று நாம் போகிறோம்.

மாணவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. மற்றது, நேரத்தை அவர்தாம் சொல்வார். "கரை சும்மா கிடக்குதுன்னு நினைக்காதீங்க ஹஜ்ரத். படகு ஏறுற நேரம், வலை காயுற நேரம், பொம்பளைங்க பாசி எடுக்கப் போற நேரம்னு எல்லாம் இருக்கு. அது அவங்களுக்கு வயக்காடு." ஆளில்லாத கரையைத் தேடிய நமக்கு இது புதுப் பாடமாயிருந்தது.

விடுமுறையில் நாம், துணைவியார், மகன், மூத்த மகளின் ஆறு வயதுப் பெண் ஆக நால்வர் புறப்பட்டு, இராமநாதபுரத்தில் பேருந்து மாறி, அஸருக்குள் மாணவரின் வீட்டை அடைந்தோம். மறுநாள் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து வெளுத்து வரும் நேரத்தில் கரைக்குச் சென்றோம். வீட்டிலிருந்து நூறு அடிதான். முழங்காலுக்கு அதுவே பேருதவி. மீன் பிடிப்போர் முன்னமே போய்விட்டிருந்தனர். அலை என்று சொல்லத்தக்க அலை இல்லை. வாடை நம் முதுகுப் பக்கமிருந்து பனைகளினூடே வந்து நீரின் மேல் மெல்லச் சுருக்கம் இட்டுச் சென்றது.

பவளக்கல் குத்தும் என்று மாணவரின் மனைவி ஒரு பழைய இரப்பர் செருப்பைத் துணைவியாருக்குப் போட்டுவிட்டார். மூவருமாக நீரை நோக்கி நடந்தனர். மகனை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தோம். நாமும் மாணவரும் பாதை கரையைத் தொடும் இடத்தில், கடலுக்குப் புறங்காட்டி, ஒரு பனையடியில் அமர்ந்தோம். துணைவியாரின் மூக்குக் கண்ணாடியும் கைப்பையும் பேத்தியின் செருப்பும் நம் காவலில் இருந்தன.

ஆகவே அவர் கடலில் இறங்கியதை நாம் பார்க்கவில்லை, கேட்டோம். முதலில் பேத்தியின் கூச்சல். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அப்பால் சற்று ஆழத்திலிருந்து, இடுப்பளவு நீரில் நின்று பாசி பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் குரல்: "அக்கா, அங்கிட்டுப் பள்ளம் கிடக்கு, இங்கிட்டு வாங்க!" அதற்குத் துணைவியார் ஏதோ சொன்னார். அப்பெண்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். வீட்டில் நாம் கேட்டறியாத உரத்த சிரிப்பு அது. நாகூரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாமும் அப்படித்தான் சிரித்திருப்போம். அன்று செருப்புகளோடு உட்கார்ந்திருந்தவர் காதில் அது எப்படி விழுந்ததோ!

வெயில் ஏறியபின் வந்தார். இடுப்புவரை நனைந்து, மாணவரின் மனைவி கொடுத்த போர்வையைச் சுற்றியிருந்தார். முகம் பார்த்துக் கண்ணாடியை நீட்டினோம். "இவ்வளவு கரிக்கும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார்.

மறுநாள் காலைப் பேருந்தில் ஊர் திரும்புவதாகத் திட்டம். அன்றிரவு, பாம்பனில் கூண்டு எதுவும் ஏற்றவில்லை என்று மாணவர் விசாரித்து வந்து சொன்னார். இன்னும் இரண்டு நாள் தங்கினோம்.