இரை தொடாத மீன்

கெளுத்தி பிடிக்கப் பொறுமை வேண்டும் என்பார்கள் நம் ஊரில். மட்டாஞ்சேரியில் கேட்டால், முதலில் மூக்கு வேண்டும் என்பார்கள். மீனுக்கு மோப்பம் பிடிக்கும் மூக்கு. பிடிப்பவனுக்கு நாற்றம் தாங்கும் மூக்கு.

பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் காயல் விரிந்து கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே தூண்டிலோடு பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். மூங்கில் கம்பு வைத்திருப்பவர் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் கொடுத்த சுழல் ராட்டை வைத்திருப்பவரும் உண்டு. காலி பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு வருபவர்தான் பெரும்பாலும் அதிக மீனோடு திரும்புகிறார். என் பக்கத்து வீட்டு இக்கா இந்த மூன்றாவது ரகம். ஒரு கிடங்கில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். நான் தமிழ் எம்.ஏ. என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'மாஷே' என்று அழைக்கிறார். ஒருநாள்கூட நான் வகுப்பெடுத்ததில்லை என்று சொன்னால் கேட்பதில்லை. வாத்தியாராக இருப்பவர் உண்மையில் அவர்தான்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனை இந்த மீனின் பெயர்களே முதலில் மடக்கிவிடும். கெளிறு என்று சங்கத் தமிழ் அறிந்த பெயர் இன்று கெளுத்தியாக வழங்குகிறது. கொச்சியில் சின்னது கூரி, கடலிலிருந்து வருவது ஏட்ட, சேற்றில் கிடப்பது முஷி, முள்ளால் கொட்டுவது காரி, ஆற்றில் ஆளை இழுப்பது வாள. 'கேட்ஃபிஷ்' என்று ஆங்கிலம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதை இங்கே ஐந்து பெயர்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காரணம் இலக்கணம் அல்ல. ஐந்துக்கும் இரை வேறு, நரம்பு வேறு.

"சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி" என்ற நம் பழமொழி வாளைக்குப் பொருந்தும். அது உயிருள்ள மீனையும் தவளையையும் துரத்திப் பிடிக்கிற வேட்டைக்காரன். கூரியும் ஏட்டயும் அப்படியல்ல. கலங்கிய நீரில், இருட்டில், தரையோடு தடவிக்கொண்டு திரிபவை. மீசைகளில் மட்டுமல்ல, உடம்பின் தோலிலும் இவற்றுக்குச் சுவை உணரும் மொட்டுகள் உண்டு. ஒருவகையில் மீன் முழுவதுமே நாக்கு. ஆகவே, இரை பளபளப்பதால் பயனில்லை. அதன் வாசம் நீரில் கரைந்து பரவ வேண்டும்.

இதனால்தான் இக்காவின் முதல் தேர்வு மத்தி. அதன் எண்ணெய் தண்ணீரில் மெல்லக் கசிந்து ஓட்டத்தோடு போகும். ஆனால் மத்தியின் சதை மிருது. இரண்டு கடியில் முள்ளை விட்டு நழுவிவிடும். தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றினால் நிற்கும். இறால் உறுதியானது, தலையைக் கிள்ளிவிட்டு, வால் பக்கத்திலிருந்து முள்ளைக் கோத்தால் சீக்கிரம் கழலாது. கோழிக்குடல் மலிவு, நாற்றம் அதிகம். ஆனால் அதற்கு வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள்.

மாதமும் பார்க்க வேண்டும். ஜூனில் மழை இறங்கியதும் ஆறுகள் காயலை நன்னீராக்கிவிடுகின்றன. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து துறைமுகம் வரை வருகிறது. கரை மண் கரைந்து புழுக்கள் நீரில் விழும் காலம் அது. அப்போது கூரிக்கு மண்புழுவை மிஞ்சிய இரை கிடையாது. கோடையில் கடல் உள்ளே ஏறி நீர் உப்பாகும். புழு சீக்கிரம் வெளுத்துத் துவண்டுபோகும். அப்போது இறால்தான். மீன் அந்த நேரத்தில் எதைத் தின்றுகொண்டிருக்கிறதோ, அதையே கொடுக்க வேண்டும். இக்காவின் பாடத்திட்டம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

அடுத்தது நரம்பு. நாம் தங்கூசி என்பதை இங்கே 'டங்கீஸ்' என்கிறார்கள். மலாய் மொழியில் தூண்டில் நரம்புக்கு 'தங்சி' என்று பெயர். இந்த மூன்று சொற்களும் கப்பலில் ஒன்றாகப் பயணம் செய்திருக்கும் என்று எனக்குள் ஒரு ஊகம் உண்டு. பொருள் என்னவோ புதியதுதான். டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது 1938இல். அதற்குமுன் பருத்தியும் சணலும் பட்டும்தான்.

கூரிக்கு 0.30 மில்லிமீட்டர் நரம்பு போதும். ஏட்டக்கு 0.40 முதல் 0.50 வரை வேண்டும். மீனின் எடை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. படகுத்துறைத் தூண்களில் சிப்பி ஒட்டியிருக்கிறது. மீன் முதலில் ஓடுவது அந்தத் தூணை நோக்கித்தான். பின்னல் நரம்பு அதே பருமனில் பல மடங்கு எடை தாங்கும். ஆனால் இழுவிசையில் நிற்கும்போது சிப்பியின் விளிம்பில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். ஒற்றை இழை நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், உரசலைத் தாங்கும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராயும் சூட்டில் நைலான் பலமிழக்கும். அறுந்த நரம்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தால் இக்கா ஏசுவார். அது மக்காது, நீர்க்காகத்தின் காலைச் சுற்றிக்கொள்ளும்.

பிடித்த பிறகுதான் ஆபத்து. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாக ரம்பப்பல் முட்கள். கூடவே விஷமும் உண்டு. குத்தினால் கையைப் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் வைப்பது வழக்கம். மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள், ஏனெனில் அந்த விஷம் வெப்பத்தில் சிதையும். முள் உடைந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இரை என்ற சொல்லில் நான் அடிக்கடி தடுக்கி நிற்கிறேன். மலையாளத்தில் 'இர' என்றால் தூண்டிலில் கோக்கும் புழு. குற்றத்துக்கு ஆளானவரும் 'இர'தான். 2017க்குப் பிறகு, ஒரு நடிகை தாக்கப்பட்ட வழக்கை ஒட்டி எழுந்த விவாதத்தில், பாதிக்கப்பட்ட பெண்ணை அப்படிச் சொல்லலாமா என்ற கேள்வி வலுத்தது. 'அதிஜீவித' என்ற சொல் செய்திகளில் இடம்பிடித்தது. துன்பத்தைக் கடந்து பிழைத்திருப்பவள் என்று பொருள். புழுவுக்குப் பேச வாயில்லை, மனிதருக்கு உண்டு என்று மொழி தாமதமாக உணர்ந்த இடம் அது.

வாய் என்றதும் ஏட்டயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடல் கெளுத்திக் குடும்பத்தில் பெண் இடும் முட்டைகளை ஆண் வாயில் வாங்கிக்கொள்கிறது. கோலிக்குண்டு அளவு முட்டைகள். அவை பொரிந்து குஞ்சுகள் தேறும்வரை வாரக்கணக்கில் தகப்பன் மீன் எதையும் தின்பதில்லை. மத்தி, இறால், புழு எதை நீட்டினாலும் பலிக்காது. தூண்டில்காரனின் அத்தனை சாமர்த்தியமும் அந்த மூடிய வாயின் முன் தோற்கிறது.

வலை தோற்பதில்லை. 1970களில் மேற்குக் கரையில் சுருக்குமடி வலை பரவியது. கூட்டமாக நீந்தும் கெளுத்திகளை, வாயில் முட்டை சுமந்த ஆண்களோடு சேர்த்து, ஒரே வளைப்பில் அள்ளினார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1980களிலேயே இதை எழுதி எச்சரித்தார்கள். 1947இல் தொடங்கப்பட்டு, நம் மண்டபத்திலிருந்து 1971இல் கொச்சிக்கு இடம்பெயர்ந்த அதே நிலையம்தான். எச்சரிக்கை அச்சில் இருந்தது, மீன் குறைந்தது. ஒரு தலைமுறைத் தகப்பன்களை அள்ளினால் அடுத்த தலைமுறையும் அதே வலையில் போய்விடுகிறது.

நன்னீரிலும் இதே கதைதான். முதல் மழையில் முட்டையிட வயலுக்கு ஏறும் மீன்களைப் பிடிப்பதைக் கேரளத்தில் 'ஊத்த பிடித்தம்' என்கிறார்கள். சட்டம் தடுக்கிறது, ஆனாலும் நடக்கிறது. மஞ்ஞக்கூரி என்ற பொன்னிறக் கெளுத்தியை, கொச்சியில் கிடைத்த மாதிரியை வைத்து, 1864இல் குந்தர் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். இன்று அது அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசு 2000இல் தடை செய்த ஆப்பிரிக்கன் முஷியோ பண்ணைகளிலிருந்து தப்பி ஆறுகளில் கொழுக்கிறது. கோழிக்குடலுக்கு ஓடி வரும் வேண்டாத விருந்தாளி அதுதான்.

போன ஆண்டு மழை ஓய்ந்த சமயம், சந்தையில் ஏட்ட மலிவாகக் குவிந்திருந்தது. சிலவற்றின் வாயில் மஞ்சள் முட்டைகள் தெரிந்தன. மீன்காரர் அவற்றை விரலால் வழித்துக் கூடைக்கு வெளியே எறிந்துகொண்டிருந்தார். ஏட்டக்குழம்பு என்றால் என் வீட்டில் எல்லோருக்கும் உயிர். நான் விலை கேட்பதற்குள் இக்கா என் கையைப் பிடித்து நகர்த்தினார். "வாய் நிறைய பிள்ளை வெச்சிருக்கான் மாஷே, விட்டுடு" என்றார் தன்னுடைய மட்டாஞ்சேரித் தமிழில்.

நாங்கள் வாங்காததால் அந்த மீன்கள் பிழைக்கவில்லை. அவை ஏற்கெனவே செத்தவை. இரண்டு பேர் மத்தி வாங்கிப் போவதால் சுருக்குமடி வலை கரையேறிவிடாது. இதை இக்காவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தூண்டில்காரன் தன் கையால் தொடுவதற்கு மட்டுமே பொறுப்பு, மற்றதைச் சர்க்கார் பார்க்கட்டும் என்றார். சர்க்கார் பார்க்க வேண்டியது என்ன என்பதில் சந்தேகமில்லை: ஏட்ட முட்டை சுமக்கும் மாதங்களில் அந்தக் கூட்டங்களை வளைக்காமல் விடச் செய்வது. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளை 52 நாள் நிறுத்திவைக்கும் மாநிலத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல.

நல்ல இரை எது என்று யாராவது கேட்டால் நான் இப்போது நீர் எப்படி, மாதம் என்ன என்று திருப்பிக் கேட்கிறேன். எந்த இரையையும் தொடாத மாதம் ஒன்று உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த மாதத்தில் நரம்பைப் பாட்டிலில் சுற்றி வைத்துவிடுவதும் மீன்பிடிக்கத் தெரிந்தவனின் வேலைதான்.