லொறியில இருக்கிற சரக்கு யார்ட?



போன கிழமை உயர்தரக் கணக்கீட்டு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், மார்ச் 31 ராத்திரி சரக்கு லொறியில இருக்கு. வித்தவர்ட்டயும் இல்ல, வாங்கினவர்ட்டயும் இல்ல. யார்ட இறுதி இருப்பில போடுற?"

ஹட்டனில் இருக்கும் எங்களுக்கு உதாரணம் வாசலிலேயே இருக்கிறது. பெக்டரியில் தேயிலை ஏற்றிய லொறி கினிகத்தேனைப் பக்கம் இறங்கிப் போகிறது. கொழும்பில் களஞ்சியத்தில் இறக்கி, தரகர் மூலம் ஏலத்துக்கு வரும். 1883இல் தொடங்கிய ஏலம் அது. லொறியில் இருந்தாலும் களஞ்சியத்தில் கிடந்தாலும், விலைபோகும் வரை அது தோட்டத்தின் இருப்புத்தான். தரகர் விற்றுக் கொடுப்பவர், வாங்கியவர் அல்ல.

ஏலத்தில் எடுத்த ஏற்றுமதியாளர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அதே கேள்வி திரும்ப வரும். எப்.ஓ.பி. உடன்பாடு என்றால், கப்பலில் ஏறியதும் இடர் வாங்குபவருக்குப் போகிறது. பரீட்சையிலும் அதை வாங்குபவரின் இருப்பாகவே எடுப்போம். வாங்குபவரின் ஊரில் ஒப்படைப்பதாகப் பேசியிருந்தால், நடுக்கடலிலும் அது அனுப்பியவருடையது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: குறித்த பொருளின் உரிமை இரு தரப்பாரும் எண்ணிய நேரத்தில் மாறும். வேறு பேச்சு இல்லையென்றால் நட்டமும் உரிமையோடு சேர்ந்தே போகும்.

பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பழைய கணக்கொன்று ஞாபகம் வந்தது.

ஒரு றமழானில் நானாவும் நாங்களுமாகக் கடைக்கு ஸகாத் கணக்குப் பார்த்தோம். முதல் நாள்தான் புறக்கோட்டையில் காசு கொடுத்து, நாங்களே பிடித்த லொறியில் அரிசி ஏற்றியிருந்தோம். மழையில் பாதை அடைபட்டு லொறி நின்றுவிட்டது. "கடைக்கு வராத மூட்டைய எப்படி எழுதுற?" என்றார் நானா. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. விட்டுவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து லொறி வந்தது. சில மூட்டைகள் நனைந்திருந்தன. புறக்கோட்டை முதலாளிக்கு ஒரு கோல் எடுக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. ஏற்றியதோடு அவருடைய பொறுப்பு முடிந்தது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் உறைத்தது. நட்டம் எங்களுடையது என்றால் அரிசியும் எங்களுடையதுதானே? பெட்டியில் காசு இல்லை, கடையில் மூட்டை இல்லை. அந்தச் செல்வம் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாமல் இருந்தது. நானா ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்தார். அந்த அரிசிக்குரிய இரண்டரை வீதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, கணக்கு முடிக்கும் நாளில் றாக்கையை மட்டும் எண்ணாதீர்கள். வழியில் வரும் சரக்கு இன்றிரவு பள்ளத்தில் விழுந்தால் யார் அழுவது என்று கேளுங்கள். அழுவது நாங்கள் என்றால், எழுத வேண்டியதும் நாங்கள்தான். கடனுக்கு எடுத்ததென்றால் அந்தக் கடனையும் கூடவே எழுதுங்கள். ஸகாத்தில் கடனைக் கழிப்பதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை மௌலவிமாரிடம் கேளுங்கள்.