ஏலமலையில் ஒரு தூளி

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறினோம். அதற்கப்பால் நண்பர் ஒருவருடைய சிறு ஏலத்தோட்டத்தில் ஒரு பகல் தங்க ஏற்பாடு. எங்கள் மூட்டையில் 'ஹாமக்' என்னும் நவநாகரிகத் தொங்கு படுக்கை இருந்தது. பட்டை, கொக்கி, கொசுவலை எல்லாம் அதற்குப் பரிவாரம்!

ஏலச்செடிக்கு நிழல் வேண்டுமாதலால் தோட்டத்தில் மரங்களுக்குக் குறைவில்லை. இரண்டு மரங்களுக்கிடையே அரை மணி நேரம் போராடிக் கட்டினோம். ஏறிப் படுத்தோமோ இல்லையோ, முடிச்சு நழுவிற்று, பூமாதேவியைச் சரணடைந்தோம்.

அருகே காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "பாரம் ஏற ஏற முடிச்சு இறுகணும், வாத்தியாரய்யா! முதல்லே கையாலே அழுத்திப் பாக்கணும்" என்று சொல்லி, மறுபடி கட்டித் தந்தாள்.

அவளுடைய படுக்கை சற்றுத் தள்ளித் தாழ்ந்த கிளையில் தொங்கியது. பழஞ்சேலைத் தூளி, உள்ளே கைக்குழந்தை. காலையில் கட்டி, இருமுறை இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையைக் கிடத்துவாளாம். மாலையில் அவிழ்த்து, எறும்பும் அட்டையும் போக உதறினால், அதுவே ஜீப்பில் ஊர் திரும்பும்போது குழந்தைக்குப் போர்வை.

"இது தூங்கினாத்தான் எனக்குக் கூலி" என்றாள்.

பெண்கள் 50 பேர் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இத்தகைய சிறு தோட்டங்களுக்கு அவ்விதி எட்டவில்லை.

மாலையில் எங்கள் படுக்கையைச் சுருட்டினோம். எங்களுக்கு அது ஒரு நாள் விளையாட்டு; அவளுக்கோ அந்த முடிச்சில்தான் பிள்ளையும் பிழைப்பும் சேர்ந்து தொங்குகின்றன.