ராமசேரி அடுப்பு

எருத்தேன்பதியிலிருந்து காலையிலேயே பஸ் ஏறிய பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூடவே, பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேரன். இருவரும் போவது கோயிலுக்கல்ல, கல்யாணத்துக்கும் அல்ல. இட்லி சாப்பிட.

எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கேரளத்தில் சேர்ந்தது. ஆனால் வீட்டுப் பேச்சு தமிழாகவே நின்றுவிட்டது. ராமசேரி இட்லியின் கதையும் ஏறக்குறைய அதுதான். தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, எலப்புள்ளிக்கு அருகே தறி போட்ட முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் இது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. தறி சோறு போடாத நாட்களில் அந்த வீட்டுப் பெண்களின் அடுப்பு சோறு போட்டது. சுட்ட இட்லியைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள்.

மன்னத்து பகவதி கோயில் அருகே சிறிய கடை. இலையில் வந்து விழுந்ததைப் பார்த்துப் பேரன் விழிக்கிறான்.

"அப்புச்சி, இது இட்லியா, தோசையா?"

"தின்னு பாரு கண்ணு."

தட்டையாக, வட்டமாக, பஞ்சுபோல் இருக்கிறது. தொட்டுக்கொள்ளத் தேங்காய் எண்ணெயில் குழைத்த பொடி. மூன்றாவது இட்லியில் பையனின் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

உள்ளே எட்டிப் பார்த்தால் ரகசியம் எதுவும் இல்லை. உழைப்புதான் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் மண்பானை. அதன் வாயில் நூல் கட்டிய வளையம், மேலே ஈரத்துணி. அதில் மாவை ஊற்றி மூடுகிறார்கள். புளிய விறகு எரிகிறது. குக்கரில் ஒரே நேரத்தில் இரண்டு டஜன் வெந்துவிடும். இங்கே ஒவ்வொன்றையும் ஊற்றி, மூடி, பதம் பார்த்து எடுக்க வேண்டும். விடியுமுன் எழுந்து புகையில் நிற்க வேண்டும்.

பெயர் பரவிவிட்டது. கார்கள் வருகின்றன, கேமராக்கள் வருகின்றன. ஒரு காலத்தில் தெரு முழுக்க எரிந்த அடுப்பு இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளில்தான் எரிகிறது. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோவை மில்லில் முப்பது வருடம் உழைத்த பெரியவரும் தன் மகளைத் தறிக்கோ மில்லுக்கோ அனுப்பவில்லையே.

"கேஸ் அடுப்பில் வைத்தால் என்ன, அப்புச்சி?" என்கிறான் பேரன். பெரியவர் பதில் சொல்லவில்லை. புகையில் கண்ணைக் கசக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, கேட்டதில் தப்பில்லை என்பதுபோல் தலையசைக்கிறார்.

பஸ் ஏற முடியாத பாட்டிக்காகப் பத்து இட்லி பொட்டலம் கட்டியாகிறது. இந்த இட்லி இரண்டு நாள் வைத்தாலும் கெடாது என்பது பெரியவரின் அனுபவம். திரும்பும் பஸ்ஸில் பொட்டலம் பேரனின் மடியில். ஊர் வந்து சேரும்வரை அவன் அதைக் கீழே வைக்கவில்லை.